அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்: ₹1,52,000 போச்சு

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கோபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. ₹1,52,000 கொடுத்து என் காருக்கு நான்கு அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவையில் செய்த சக்கரம், வாங்கினேன். அந்த நான்கும் இப்போது என் உரக்கடை குடோனில் யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கின்றன. பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீலை மாட்டிய வண்டியில் அம்மாவையும் என் பெண்ணையும் உட்கார வைத்து ஓட்டினேனே, அதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். சின்னச் சின்ன வீடியோ போட்டுக் கார் வீல் விற்கிற கடை. பெரிய நகரத்தில் இருக்கிறது. பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விளம்பரம் செய்கிற ஒரு தளத்தின் வழியாகத்தான் முதலில் பிடித்தேன். இவ்வளவு போதும், வாங்கியவர்களுக்குப் புரியும்.

என்னுடையது பென்ஸ் ஜிஎல்சி. புதிதல்ல, இரண்டாவது கையாக வாங்கியது. நம்ம ஊருக்கு எதற்கு இந்த வண்டி என்று கேட்காதவர்கள் இல்லை. இருபது வருடம் கடையில் நின்று உழைத்த பிறகு ஆசைப்பட்டு வாங்கினேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. கம்பெனியில் வந்த 19 இஞ்ச் வீல்தான் இருந்தது. வலங்கைமான் தாண்டிக் கும்பகோணம் போகிற வழியில் சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மழையில் அந்த மண் கரைந்துபோய்ப் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்திருந்தது. ராத்திரி நேரம். இடது பக்கம் முன்வீல் விரிசல், பின்வீல் பெண்டு. பெண்டு எடுக்கலாம், விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது என்று எங்கள் டயர்க்கடை பாய் சொல்லிவிட்டார். கம்பெனி சர்வீஸில் ஒரு வீலுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் வேறு வழி பார்க்கலாம் என்று தோன்றியது. நான் செய்த முதல் தப்பு அது.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையப் பணம் விவசாயிகள் கணக்கில் ஏறின பிறகுதான் எங்களுக்கு உரக்கடன் வசூலாகும். அப்படி வசூலான காசு இது. வட்டிக்கு வாங்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நம்பிய நேரத்தைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் போட்ட ஆள் இல்லை. ஒரு வாரம் படித்தேன். ஜிஎல்சிக்கு ஐந்து போல்ட். அந்த ஐந்து ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் குறுக்களவு 112 மில்லிமீட்டர். கடைக்காரர்கள் இதைத்தான் பிசிடி என்கிறார்கள். நடுவில் ஹப், அதாவது வீல் மாட்டுகிற ஆக்ஸில் முனை, உட்காருகிற பெரிய ஓட்டை 66.6 மில்லிமீட்டர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

வீடியோ காலில் வந்த பையனுக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். முதல் வார்த்தையே “அண்ணே, சாப்டீங்களா?” என்றான். வீலைத் திருப்பிக் காட்டினான். இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு ஓட்டையில் வைத்து எதிர்ப்பக்கம் வரைக்கும் நீட்டி, “பாருங்கண்ணே, 112 கரெக்டா நிக்குது” என்றான். 20 இஞ்ச், ஃபோர்ஜ்டு (வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்தது), ஒரு வீல் 11 கிலோதான், உங்க ரோட்டுக்கு இதுதான் தாங்கும் என்றான். எங்க ஊர் ரோட்டைப் பற்றி நான் சொல்வதற்கு முன்னாலேயே அவனே சொன்னான். சேற்று உழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டிய கேஜ் வீல் டிராக்டர் தார் ரோட்டில் ஏறி அரைத்துவிட்டுப் போகிறது, வாய்க்கால் பாலத்துக்குப் பாலம் ஒரு தூக்கல் என்று எல்லாம் சொன்னான். “நம்ம அம்மா ஊரு பாபநாசம் பக்கம்தாண்ணே” என்றும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். நம்ம பக்கத்துப் பிள்ளை, நம்மளை ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். பின்னால் பேச்சு எடுத்தபோது பாபநாசம் எந்த ஆற்றுக்கரை என்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே ₹50,000 அட்வான்ஸ். லாரியில் ஏற்றுவதற்கு முன் மீதி ₹1,02,000. ஆக மொத்தம் ₹1,52,000. பில் போனுக்கு வந்தது. “கார் அக்சசரீஸ், 4” என்று மட்டும் இருந்தது. அளவு இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கேட்டேன். “ஒரிஜினல் பில்லு வீலோட வருதுண்ணே” என்றான். வரவில்லை.

ஒன்பதாம் நாள் தஞ்சாவூர் பார்சல் ஆபீசில் எடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. பாய் கடையில் 255/45 ஆர்20 டயரைப் புதிதாக வாங்கி மாட்டினோம், அந்தச் செலவு தனி. மாட்டும்போதே பாய் நிறுத்திவிட்டார். “தம்பி, போல்ட் கையால ஏறமாட்டேங்குதே. மூணு ஏறுது, நாலாவது சாயுது” என்றார். நான் உடனே அந்தப் பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “புது பெயிண்ட்டுண்ணே, ஓட்டைக்குள்ள பூச்சு இருக்கும். மாத்தி மாத்தி டைட் பண்ணா தானா உக்காந்துரும். கூட வந்த ரிங்கைப் போட்டீங்கள்ல, அது சென்டர் பண்ணிரும்” என்றான். பாய் மனசில்லாமல்தான் முடித்தார். இருபது வருடப் பழக்கமுள்ள மனிதர் எதிரில் நின்று சொல்கிறார். நான் போனில் பேசுகிறவன் பேச்சைக் கேட்டேன். பாயிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

நாற்பதில் ஒன்றும் தெரியவில்லை. எண்பதைத் தொட்டால் ஸ்டியரிங் ஆடியது.

போன் போட்டேன். பேலன்சிங் பாருங்கள் என்றான். பார்த்தேன், சரியாக இருந்தது. அலைன்மென்ட் பாருங்கள் என்றான். அதுவும் பார்த்தேன். “புது டயர் செட் ஆக ஐநூறு கிலோமீட்டர் ஓடணும்ணே” என்றான். ஓட்டினேன். அப்புறம் “உங்க ஊர் ரோடு அப்படிண்ணே” என்றான். எந்த ரோட்டைச் சொல்லி என்னை நம்ப வைத்தானோ அதே ரோட்டின் மேல் பழி. அதற்குப் பிறகு போனை எடுப்பது குறைந்தது. மெசேஜ் பார்த்ததாகக் காட்டும், பதில் வராது.

வீல் மாட்டிய பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குத் தஞ்சாவூரில் கண் பரிசோதனை முடித்து மன்னார்குடி திரும்புகிறோம். வடுவூர் ஏரிக்கு முன்னால் பின்பக்கத்தில் கடக், கடக் என்று சத்தம். வைக்கோல் ஏதாவது கட்டையோடு மாட்டிக்கொண்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் வலது பின்வீலில் ஒரு போல்ட்டே இல்லை. இன்னும் இரண்டை என் விரலால் திருப்ப முடிந்தது. இரண்டே இரண்டு போல்ட்டில் ஆளோடு சேர்த்து இரண்டு டன் வண்டி நின்றுகொண்டிருந்தது. என் பெண் பின்சீட்டில் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

பாய் ஆள் அனுப்பிப் பழைய வீலையும் ஸ்டெப்னியையும் மாட்டி மெதுவாகக் கொண்டுவந்தோம். மறுநாள் தஞ்சாவூரில் அலாய் வேலை மட்டுமே செய்கிற ஒரு பட்டறைக்கு நான்கு வீலையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் டேப்பைத் தொடவே இல்லை. நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியை எடுத்துப் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டின் நடுவை அளந்தார். 67.2 வந்தது. 112 பிசிடி என்றால் 65.8 வர வேண்டும், இது 114.3 என்றார். ஐந்து ஓட்டை வீலில் ஒரு ஓட்டைக்கு நேர் எதிரே இன்னொரு ஓட்டை இருக்கவே இருக்காது, டேப்பைக் குறுக்கே நீட்டி எதை அளந்தான் என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. ஐந்து ஓட்டை எப்படி எதிரெதிரே வரும்? இதை ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் வீலின் பின்பக்கம் கறுப்புப் பெயிண்ட் திட்டாக இருந்த இடத்தைத் தின்னர் விட்டுத் துடைத்தார். அடியில் கிரைண்டர் வைத்துத் தேய்த்த கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவே மங்கலாக 114 என்கிற எண் மட்டும் மிச்சம் இருந்தது. தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது. தெரிந்தே அழித்திருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. நடு ஓட்டை 73.1. பல வண்டிக்கும் பொதுவாகப் போகட்டும் என்று பெரிதாக விட்டிருக்கிறார்கள், 66.6-க்குக் குறைக்க ஒரு பிளாஸ்டிக் ரிங். சரியான பிசிடி உள்ள வீலில் அந்த ரிங் பரவாயில்லை, இதில் அதனால் ஒரு பயனும் இல்லை என்றார். பென்ஸ் போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும், வீலின் ஓட்டையும் அதே உருண்டையில் கடைந்திருக்க வேண்டும். இந்த வீலில் கூம்பு மாதிரி கடைந்திருக்கிறது. உருண்டை கூம்புக்குள் உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். அதிலும் ஓட்டை ஒரு மில்லிக்கு மேல் விலகி இருப்பதால் போல்ட் சாய்ந்து இழுபட்டிருக்கிறது. எவ்வளவு டைட் செய்தாலும் ஓட ஓடத் தளரும். கடைக்குத் திரும்பி வந்து டயரைக் கழற்றிவிட்டு என் உர மூட்டைத் தராசில் வீலை வைத்தேன். 16 கிலோ. ஃபோர்ஜ்டு என்று சொன்னது 11 கிலோ.

போட்டோ, அளவு எல்லாம் அனுப்பினேன். அப்போதுதான் பதில் வந்தது. “ஓட்டின வீலுக்கு ரிட்டர்ன் கிடையாது.” அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அழைத்ததில் வேறொருவன் எடுத்தான். மாட்டினவன் தப்பு, உங்க மெக்கானிக்கைக் கேளுங்கள் என்றான். முதலாளி எங்கே என்றால் வெளிநாட்டில் என்றான். இரண்டு போல்ட்டில் வண்டி நின்றது, உள்ளே குழந்தை இருந்தது என்று சொன்னேன். “சார், எதுக்கு சார் எமோஷனல் ஆகுறீங்க” என்றான். அண்ணே போய் சார் ஆகிவிட்டது. சாயந்திரத்துக்குள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். விளம்பரம் போட்ட தளத்தில் கேட்டால், வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பது மட்டுமே எங்கள் வேலை என்று ஒரே பதிலை நான்கு தடவை அனுப்பினார்கள். என் ₹1,52,000 யார் கையில் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு மனிதர் இல்லை.

எப்படி வீல் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. அவசரத்துக்குச் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

வீலின் பின்பக்கம் பொறித்திருக்கிற எண்களைப் போட்டோ கேளுங்கள். அளவு, பிசிடி, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டுகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), எவ்வளவு எடை தாங்கும் என்பது எல்லாம் இருக்க வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள். தேய்த்திருந்தால் தொடாதீர்கள். வண்டியின் கதவோரத் தகட்டில் ஒரு ஆக்ஸிலுக்கு எவ்வளவு எடை என்று போட்டிருக்கும். அதில் பாதியைவிட வீலில் உள்ள எடை எண் கூடுதலாக இருக்க வேண்டும். போல்ட் விரலாலேயே பல சுற்று ஏற வேண்டும், ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி டைட் பாருங்கள். அளவு எழுதாத பில்லுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். முடிந்தால் நேரில் போய் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை என்று வக்கீல் சொன்னார். பட்டறைப் பெரியவர் அளவை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலையில் அதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கத் திருவாரூர் போகிறேன். இதே மாதிரி தேய்த்த வீல் வாங்கி ஏமாந்தவர்கள் நம்ம பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம். ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.