எம்லா களிம்பு: குத்தும் வலிக்குச் சரி, மருந்து எரியும் வலிக்கு அல்ல

நானும் என் கணவரும் மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு ஒரே நாளில் பதிந்திருந்தோம். ஊசியென்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பயம் என்பதால், முன்கூட்டியே புறங்கையில் பூசிக்கொள்ள மருந்தகத்தில் எம்லா களிம்பை வாங்கினோம்.

லிக்னோகைன், பிரிலோகைன் ஆகிய இரண்டு மரப்பு மருந்துகளும் இதில் தலா 2.5 விழுக்காடு உள்ளன. தேய்க்காமல் கனமாக அப்பி, மேலே ஒட்டும் மெல்லிய தாளால் மூடி, குறைந்தது 60 நிமிடங்கள் விட வேண்டும். அப்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் வரை தோல் மரத்துப் போகும், 120 நிமிடங்கள் விட்டால் 5 மில்லிமீட்டர் வரை. அவசரப்பட்டுக் கால் மணி நேரத்தில் துடைத்துவிட்டுப் பயனில்லை என்று சொல்வது இந்தக் களிம்புக்குச் செய்யும் அநியாயம். தாதி துடைத்தபோது அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது; இரத்தக் குழாய் சுருங்கியிருந்ததால் அவர் சற்று நேரம் தடவிப் பார்த்தே ஊசியைச் செருகினார். இருவருக்குமே ஓர் அழுத்தம் தெரிந்ததே தவிர வலி இல்லை. என் கணவர் வேறு பக்கம் திரும்பக்கூட இல்லை. இந்த அளவில் களிம்புக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

ஆனால் "கொஞ்சம் எரியும்மா, உடனே தூங்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, பால்போல வெள்ளையான புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தியபோது, எனக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீப்பற்றியதுபோல் எரிந்தது. கணவருக்கோ லேசான குளிர்ச்சி மட்டும்தானாம். எங்கள் இருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது. எனினும் இந்த எரிச்சலைப் பெண்களே கூடுதலாக உணர்வதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. களிம்பு வேலை செய்வது தோலில். புரோபோஃபால் உறுத்துவதோ இரத்தக் குழாயின் உட்சுவரை. புறங்கையில் குழாய் சிறியதாக இருப்பதால், மருந்து இரத்தத்தோடு நன்கு கலப்பதற்கு முன்பே அந்தச் சுவரில் படுகிறது.

25,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 177 சோதனைகளைத் தொகுத்து 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, தடுப்பு ஏதும் செய்யாவிட்டால் பத்தில் ஆறு பேருக்கு இந்த வலி வரும். முழங்கை மடிப்பிலுள்ள பெரிய குழாயில் செலுத்துவதும், கையைக் கட்டி இரத்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி முதலில் லிக்னோகைன் கொடுப்பதும் மிகச் சிறந்த வழிகள் என்கிறது அது. இரண்டுமே செலவில்லாதவை என்று சொல்லும் அளவுக்கு எளியவை. மலேசியச் சுகாதார அமைச்சு 2008 முதல் வலியை (நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல) ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிவு செய்யச் சொல்லிவரும் நாட்டில், பெண்ணுக்கு எரியும் வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தும் எந்தக் குழாய் வேண்டும் என்று யாரும் கேட்காதது எனக்கு வருத்தமே. "தாங்கிக்கொள்வேன்" என்று நம் பெண்கள் சொல்லிப் பழகிவிட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிறந்த குழந்தைகளுக்கு இங்கே செய்யப்படும் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) சோதனையில் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், பிரிலோகைன் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் எம்லாவைத் தொட வேண்டாம். மற்றபடி அடுத்த சோதனைக்கும் இதையே வாங்குவேன். முழங்கை மடிப்பில் பூசிக்கொண்டு போய், ஊசியை அங்கேயே போடச் சொல்வேன், லிக்னோகைனையும் கேட்பேன்.