இரட்டை முதன்மைச் சுருள் மின்மாற்றி: சுற்று நன்று, குறிப்புச் சீட்டு போதாது

ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் பழைய மின்மாற்றிக்கு மாற்றாக, 100 வோல்ட் ஆம்பியர் திறனுள்ள வளைய வடிவ மின்மாற்றியை வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். மின்சாரம் உள்ளே வரும் 115 வோல்ட் முதன்மைச் சுருள்கள் இரண்டும், வெளியீடு தரும் 18 வோல்ட் துணைச் சுருள்கள் இரண்டும் கொண்ட இது, 230 வோல்ட், 115 வோல்ட் ஆகிய இருவகை மின்வழங்கலுக்கும் ஏற்றது என்று விற்கப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அதைப் பாதுகாப்பாக இணைக்கத் தெரிய வேண்டியவற்றில் பாதியை மட்டுமே உடன் வரும் சீட்டு சொல்கிறது.

முதன்மைச் சுருள்களின் முனைகள் நீலம்–சாம்பல், ஊதா–பழுப்பு என இரண்டு இணைகளாக வருகின்றன. 230 வோல்ட்டுக்குச் சாம்பலையும் ஊதாவையும் ஒன்றாகச் சேர்த்துக் காப்பிட்டு, நீலத்துக்கும் பழுப்புக்கும் மின்சாரம் தர வேண்டும், இது தொடரிணைப்பு. 115 வோல்ட்டுக்கு நீலத்தோடு ஊதாவையும், சாம்பலோடு பழுப்பையும் சேர்க்க வேண்டும். இது பக்க இணைப்பு. இரண்டு படங்களும் சீட்டில் தெளிவாக உள்ளன. இந்த நிறங்கள் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவானவை அல்ல என்பதால், வேறொரு மின்மாற்றியின் படத்தைப் பார்த்து இதை இணைக்கக் கூடாது.

ஒரு சுருளின் தொடக்கமும் முடிவும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்லும் இல்லை. அப்படி மாறும்போது இரு சுருள்களும் உருவாக்கும் காந்தப்பாயங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மின்னோட்டத்தைத் தடுப்பதற்குக் கம்பியின் சில ஓம் தடையைத் தவிர வேறெதுவும் எஞ்சாது. ஏறக்குறைய நேரடிக் குறுக்குச் சுற்றுதான். மல்டிமீட்டரில் தடையை அளந்தால் எந்த இரு முனைகள் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று தெரியுமே தவிர, எது தொடக்கம் என்று தெரியாது. ஆகவே முதன்முறை மின்சாரம் தரும்போது, துணைச் சுருள்களில் எதையும் இணைக்காமல், 60 வாட் இழை பல்பு ஒன்றை முதன்மைப் பக்கத்தில் தொடராக இணைத்துக்கொள்வது நல்லது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் இணைப்பு சரி; பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் தவறு. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

அடுத்த குறை ஃபியூஸ். முழுச் சுமையில் 230 வோல்ட்டில் சுமார் 0.43 ஆம்பியர் ஓடும். 115 வோல்ட்டில் அதே திறனுக்கு 0.87 ஆம்பியர் ஓடும். இணைப்பை மாற்றுகிறவர் ஃபியூஸையும் மாற்ற வேண்டும் என்பதைச் சீட்டு குறிப்பிடவே இல்லை. வளைய மின்மாற்றிகள் இயக்கத்துக்கு வரும் கணத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால், தாமதமாக உருகும் வகை ஃபியூஸே தேவை என்பதையும் வாங்குபவரே அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

மின்வழங்கல் மாறும் இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடரிணைப்பில் இருப்பதை 115 வோல்ட்டில் செருகினால் வெளியீடு பாதியாகும். கருவி சரியாக இயங்காது, மின்மாற்றிக்குத் தீங்கில்லை. பக்க இணைப்பில் இருப்பதை 230 வோல்ட்டில் செருகினாலோ உள்ளகம் (சுருள்கள் சுற்றப்பட்ட இரும்பு வளையம்) தெவிட்டி, அதாவது மேலும் காந்தப்பாயத்தை ஏற்க முடியாமல் போய், மின்னோட்டம் எகிறும்; ஃபியூஸ் முந்தாவிட்டால் சுருள் கருகிவிடும். எந்த இணைப்பில் இருக்கிறது என்பதைக் கருவியின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவைப்பது அவசியம்.

மின்மாற்றியின் தரத்தில் எனக்குக் குறையில்லை. சுமையின்றி ஒவ்வொரு துணைச் சுருளும் ஏறக்குறைய 20 வோல்ட் காட்டுகிறது; இந்த அளவு மின்மாற்றிக்கு அது இயல்பு, முழுச் சுமையில்தான் 18 வோல்ட்டுக்கு இறங்கும். உறுமல் மிகக் குறைவு. நடுத் துளையின் போல்ட்டும் ரப்பர் வட்டங்களும் உடன் வருகின்றன. போல்ட்டின் மேல்முனை உலோகப் பெட்டியின் மூடியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து மூடிய ஒற்றைச் சுற்றாகி, அதில் பெரும் மின்னோட்டம் ஓடும்.

உறையில் 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பது முக்கியமானது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றியை அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், உள்ளகத்தின் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடிச் சூடாகும். அதே உறையில் உள்ள ‘உலகெங்கும்’ என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. ஜப்பானின் 100 வோல்ட்டில் இதன் வெளியீடு 13 விழுக்காடு குறையும்; ஆம்ப்ளிஃபயரின் அதிகபட்சத் திறனில் கால் பங்கு போய்விடும். அங்கே பயன்படுத்த வேண்டியவர்கள் 100 வோல்ட் முனை தனியாக உள்ள மாதிரியை வாங்க வேண்டும்.