ஸ்பேசரா, முழு செட்டா?

ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த இரண்டு வழி. ஷாக் அப்சார்பரின் தலையில் ஸ்பேசர் என்ற தடித்த வில்லையை வைத்துப் பூட்டுவது மலிவு. ஸ்பிரிங், ஷாக், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் மூன்றையும் மாற்றும் முழு செட்டுக்குப் பல மடங்கு விலை.

ஸ்பேசரில் ஷாக் நீளாது, கீழே தள்ளப்படும், அவ்வளவுதான். அதனால் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கி, ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயிண்ட் அதன் எல்லையைத் தொடும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கவும் கூடும். பெரிய பள்ளத்தில் ரப்பர் தடுப்புக்கு முன்பே ஷாக் முட்டிக்கொள்ளும். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். அலைன்மென்ட் கடைக்காரர் சரிசெய்யப் பார்த்தாலும் திருக இடம் மிஞ்சாது.

முழு செட்டில் புதிய ஆர்ம் கேஸ்டரை மீட்டுத் தரும். ஆனால் அதே உயரம் என்றால் முன்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டின் சிவி ஜாயிண்ட் கோணம் அதேதான். அந்தத் தண்டுகள் புறப்படும் டிஃபரென்ஷியலையும் இறக்கினால்தான் கோணம் குறையும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டிலும் பின்னால் சரக்கு ஏற்றினால் மூக்கு தூக்கி ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மாடிக் கார் நிறுத்தத்தின் உயரக் கம்பியும் இருக்கிறது. எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதிகளை முதலில் பாருங்கள்.

ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்கு அடிக்கடி போகிறவருக்கு முழு செட். துவாஸ் தொழிற்பேட்டைக்குச் சாமான் ஏற்றிப் போகும் வண்டிக்கு இரண்டும் வேண்டாம்.