48,000 ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டர்: பழைய விடெக் வைத்திருப்பவர்கள் கவனிக்க

என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஆர்பிஎம் ஏறினால் வால்வுகள் கூடுதலாகத் திறக்கும் இன்ஜின். 106 குதிரைத்திறன், அதுவும் 6,800 ஆர்பிஎம்மில்தான் முழுசாக வரும். ஊசி மேலே ஏறும்போது இன்ஜின் சத்தம் மாறுமே, அதற்காகவே வாங்கிய வண்டி. போன வருஷம் சரியாக அந்த இடத்திலேயே சோர்ந்துபோனது. 5,500-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து யாரோ பம்பரைப் பிடித்து இழுப்பது மாதிரி.

கோவையில் ரேஸ் வண்டி டியூனிங் செய்வதாகச் சொல்லும் ஒரு கடைக்குப் போனேன். பேரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பையன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "அண்ணா, மேல போகப் போக பெட்ரோல் பத்தலைங்க. ரெகுலேட்டர் மாத்தி சிப் போட்டா பறக்குமுங்க" என்றான். பெட்ரோல் பத்தவில்லை என்றது உண்மைதான். அந்தப் பாதி உண்மையில்தான் கவிழ்ந்தேன்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர் 14,000, சிப் 16,000, இன்ஜெக்டர் கழட்டிச் சுத்தம் செய்ய 6,000, டைனோ (வண்டியின் திறனை அளக்கும் மெஷின்) டியூனிங் 12,000. கையில் 124 குதிரைத்திறன் என்று போட்ட ஒரு கிராஃப். அதை லேமினேட் செய்து வைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதல் வாரம் வண்டி துள்ளியது. அப்புறம் லிட்டருக்கு 12 கொடுத்தது 7-க்கு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் நெடி சமையலறை வரை. ஆயில் அளவுக் கம்பியை முகர்ந்தால் அதிலும் பெட்ரோல். இத்தனை பெட்ரோல் குடித்தும் 5,500-க்கு மேலே பழைய சோர்வு அப்படியே, கூடவே புதுசாக ஒரு கணகண சத்தம். போன் போட்டேன். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிருமுங்க." யாராவது இப்படிச் சொன்னால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, ஓட்டினேன்.

கடைசியில் போனது ஒரு வயதான மெக்கானிக்கிடம். பானெட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கேஜ் போட்டுப் பாத்தாங்களா?" இல்லை. ஃபியூல் லைனில் கேஜ் மாட்டினார். மூன்று கிலோ சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டிய அழுத்தம், நாலரை. அழுத்தம் ஒன்றரை மடங்கானால் இன்ஜெக்டர் அதே நேரத்தில் இருபது சதவீதத்துக்கு மேலே கூடுதலாகப் பீய்ச்சும். அதனால்தான் குறைந்த ஆர்பிஎம்மில் ரிச், அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல். சைலன்சர் பைப்பில் ஒரு நட்டை வெல்ட் செய்து வைட்பேண்ட் சென்சர் மாட்டி ரோட்டுக்குப் போனோம். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அது காட்டும். ஐடிலில் 12-க்கும் கீழே. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் 12.5, 13 என்று நிற்க வேண்டியது, 6,000-இல் 15-ஐத் தாண்டியது. கேஜ் முள்ளும் அந்த நேரத்தில் சரசரவென இறங்கியது.

நோய் பம்ப்பில். இருபது வருஷத்துப் பம்ப், அடைத்துப்போன ஃபில்டர். தேய்ந்த பம்ப்பின் மேலே கூடுதல் அழுத்தத்தை ஏற்றினால் அது தரும் அளவு இன்னும் குறையும். கீழே வெள்ளம், மேலே பஞ்சம். முழு லோடில் லீனாக, அதாவது பெட்ரோல் போதாமல் ஓடி, கணகணவென்று தட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும் என்றார்.

சிப்? கறுப்பு டப்பா, உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். கத்தியால் சுரண்டினோம். ஒரே ஒரு ரெசிஸ்டர், இரண்டு ரூபாய்கூடப் பெறாது. உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் வயரில் கோர்த்திருக்கிறது. குளிர் கூடினால் அந்த சென்சரின் தடை கூடும். ரெசிஸ்டர் அந்தத் தடையைக் கூட்டிக் காட்டுகிறது. ஆக, மே மாத வெயிலிலும் இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஊட்டிக் காற்று வருகிறது என்று நம்பிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். சூட்டில் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுக்க (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த) வேண்டியதையும் இழுக்காது. தட்டலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்ஜெக்டர்களை வெளியே எடுத்தபோது ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகி, தூசி படிந்து கிடந்தன. கம்பெனியில் மாட்டியதற்குப் பிறகு யாரும் கழட்டியதே இல்லை. அந்த 6,000-மும் போச்சு.

லேமினேட் செய்த கிராஃபை அன்று ராத்திரிதான் ஒழுங்காகப் பார்த்தேன். 124 குதிரைத்திறன் உச்சம் 5,600-இல், கோடு 6,200-இல் முடிந்துவிடுகிறது. என் வண்டி ஏறத் தொடங்குவதே அங்கேதான். யாருடைய வண்டியின் கிராஃபோ.

புதுப் பம்ப், ஃபில்டர், ரப்பர் வளையங்கள், பழைய ரெகுலேட்டர், எல்லாம் சேர்ந்து 11,500 ஆனது. ஆயிலை மாற்றியது தனி. ஃபுல் மிதியில் இப்போது 12.8 நிற்கிறது. சத்தம் மாற வேண்டிய இடத்தில் மாறுகிறது.

பணம் கேட்டுப் போனேன். "எல்லா சிப்லயும் ரெசிஸ்டர் இருக்குமுங்கண்ணா" என்றான், சிரிக்காமல். ரெண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் வந்தான்: அந்த ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்தால் 5,000 தருகிறானாம். அடுத்தவர் வண்டியில் மாட்டத்தானே? கொடுக்கவில்லை. டப்பாவோடு சேர்த்து என் மேஜையில் கிடக்கிறது.