பள்ளி பேக் சேல்: விலக்கு நாளா, விதிக்குட்பட்ட பண்டமா, மாலை நேர விற்பனையா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பேக் சேலை, அதாவது பெற்றோர் வீட்டில் செய்து தரும் தின்பண்டங்களை விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டும் விற்பனையை, பகலிலிருந்து மாலை நேரத்துக்கு மாற்றிவிட்டது. அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன். வேறு பள்ளிகளின் பெற்றோர் காரணம் கேட்டு வருவதால், எங்கள் முன் இருந்த வழிகளை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். என் சாய்வு மாலை விற்பனையின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளி உணவு பற்றிய 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமெரிக்க வேளாண் துறை வகுத்த ‘ஸ்மார்ட் ஸ்நாக்ஸ்’ விதிகள் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அரசின் மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில், பள்ளி நாளின்போது மாணவர்களுக்கு விற்கப்படும் தின்பண்டம் ஒவ்வொன்றும் 200 கலோரிக்கும் 200 மில்லிகிராம் சோடியத்துக்கும் மேற்படக் கூடாது. கலோரியில் கொழுப்பின் பங்கு 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், சர்க்கரை எடையில் 35 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். இவற்றோடு, முழுத்தானியமோ, பழம், காய்கறி, பால், பருப்பு போன்ற ஒன்றோ பண்டத்தின் முதன்மைப் பொருளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பிறந்த நாளுக்கு வகுப்பில் இலவசமாகக் கொடுப்பதை இந்த விதிகள் தொடுவதில்லை. விற்பனையை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன.

முதல் வழி விலக்கு நாள். எப்போதாவது நடக்கும் நிதி திரட்டலுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் உரிமை மாநிலங்களிடம் உள்ளது. ஒரு மாநிலம் எண்ணிக்கை எதையும் வகுக்காவிட்டால் அங்கே விலக்கே கிடையாது. ஜார்ஜியா மாநிலம் ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 30 விற்பனைகளை, ஒவ்வொன்றும் மூன்று நாள் வரை, அனுமதித்தது. டெக்சாஸில் ஒரு வளாகத்துக்கு ஆண்டுக்கு ஆறு நாள்தான். ஆறு நாள் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறும் பள்ளி முழுவதற்கும் பொதுவானவை. எந்த நாள் யாருக்கு என்பதைப் பள்ளி நிர்வாகம்தான் பிரித்துக் கொடுக்கிறது. உணவு பரிமாறும் நேரத்தில் உணவுக்கூடத்தில் கடை போடவும் முடியாது. கிடைத்தால் நல்ல வழிதான். அதை மட்டும் நம்பி ஆண்டுத் திட்டம் போட முடியாது என்பதே என் கருத்து.

இரண்டாவது வழி, விதிக்குள் அடங்கும் பண்டங்களையே செய்து பகலில் விற்பது. கொள்கை அளவில் இதுவே சிறந்தது என்று நான் மனமார நம்புகிறேன். குழந்தைகள் பள்ளியில் வாங்கித் தின்பது ஓரளவு சத்தாக இருக்கட்டும் என்ற நோக்கத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சிக்கல் எல்லாம் சரிபார்க்கும் வேலையில்தான் இருக்கிறது. எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அதுவே.

200 கலோரி உள்ள ஒரு குக்கீயை எடுத்துக்கொள்வோம். அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 2.2 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் மட்டுமே ஏறக்குறைய 2.4 கிராம் இருக்கிறது. அதாவது, ஒரு குக்கீக்கு ஒரு தேக்கரண்டி வெண்ணெய் வீதம் சேர்த்துவிட்டாலே, சாக்லேட்டைத் தொடுவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிடுகிறது. நம் வீட்டுக் கடலை மிட்டாயும் தப்பவில்லை. வெறும் வேர்க்கடலைக்குக் கொழுப்பு வரம்பிலிருந்து விலக்கு உண்டு. வெல்லப்பாகு சேர்ந்ததும் அது கலவைப் பண்டமாகி அந்த விலக்கை இழக்கிறது, கடலையின் கொழுப்பு முழுவதும் கணக்கில் ஏறிவிடுகிறது.

கடையில் வாங்கும் பொட்டலத்தில் சத்து விவரம் அச்சிட்டிருக்கும். அதை இந்த விதிகளுக்கான இணையக் கணிப்பானில் இட்டால் விடை கிடைத்துவிடும். வீட்டில் செய்து வருவதற்கு அப்படி எந்தச் சீட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டாரிடமும் செய்முறையை வாங்கி, ஒவ்வொரு பொருளின் எடையையும் கணக்கிட்டு, மொத்தத்தைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். துண்டு சற்றுப் பெரிதானால் கணக்கு மாறும். எண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றினாலும் மாறும். மாநில ஆய்வின்போது காட்டப் பள்ளி ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பதால், இதை வாய்மொழியாக முடிக்கவும் இயலாது. ஆசையோடு செய்து கொண்டுவந்த ஒரு தாயிடம், “உங்கள் பிரவுனியை விற்க முடியாது” என்று சொல்லும் பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. பொட்டலப் பண்டங்களை வாங்கி விற்கலாம்தான். ஆனால் அதில் லாபம் குறைவு, வீட்டுச் சமையலை நாடி வருகிறவர்களும் வரமாட்டார்கள்.

மூன்றாவது, நாங்கள் எடுத்த வழி. விதியின்படி பள்ளி நாள் என்பது முந்தைய நள்ளிரவில் தொடங்கி, இறுதி மணி அடித்த 30 நிமிடத்தில் முடிகிறது. அதன்பின் நடக்கும் விற்பனைக்கும் வார இறுதி விற்பனைக்கும் இந்தக் கூட்டாட்சி (நாட்டளவிலான) விதி பொருந்தாது. அரை மணி காத்திருந்தால் கணிப்பானும் தேவையில்லை, யாருடைய பண்டத்தையும் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. இசை நிகழ்ச்சி, வசந்த விழா போன்ற மாலைகளில் மேசை போடும்போது பெற்றோரே பணத்தோடு உடன் வருகிறார்கள். பிள்ளை எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம் என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இதை விதியிலிருந்து நழுவும் தந்திரமாக நான் கருதவில்லை. பகலில் பெற்றோர் அருகில் இல்லாத நேரத்துக்காகவே அந்தக் காப்பு இருக்கிறது என்பது என் புரிதல். மாணவர் உணவு, உடல்நலம் பற்றிய உங்கள் கல்வி மாவட்டத்தின் நலக்கொள்கை இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால், நாளைக் குறிக்குமுன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உறைந்த குக்கீ மாவு போன்றவற்றுக்கு ஆர்டர் எடுத்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் விதிக்கு வெளியே நிற்கிறது, ஏனெனில் அது பள்ளியில் தின்பதற்கானதல்ல. ஆனால் விலையில் கணிசமான பங்கு அந்த நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நிதி திரட்டும் நடைபயணம், புத்தகச் சந்தை ஆகியவற்றுக்கு உணவு விதிகளின் தொல்லையே இல்லை. இருந்தாலும் அவற்றைப் பேக் சேலுக்கு மாற்றாக அல்லாமல் துணையாகவே நான் பார்க்கிறேன்.

உயர்நிலைப்பள்ளிகளில் இசைக்குழுவும் மன்றங்களும் ஆண்டு முழுவதும் பணம் திரட்டுவதால், அங்கே ஆறு விலக்கு நாள்களின் மதிப்பு வேறாக இருக்கலாம். என் அனுபவம் தொடக்கப்பள்ளியோடு நிற்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் பேருந்தில் வீடு திரும்பும் பள்ளியாக இருந்து, மாலை நிகழ்ச்சிகளும் குறைவாக இருந்தால், நானும் நிர்வாகத்திடம் ஒரு விலக்கு நாளைத்தான் முதலில் கேட்பேன். அதையும் ஆகஸ்டில் பள்ளி திறந்தவுடனேயே கேட்டு வாங்கிவிடுவேன்.