ஐந்து ஃபோனுக்கு எத்தனை எம்பிபிஎஸ் ஸ்பீடு? மூன்று வருடம் இன்டர்நெட் ஃபோன் பயன்படுத்திய அனுபவம்

நண்பர் புது ஆபீசுக்கு இன்டர்நெட் ஃபோன் போடப் போகிறார். "ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினால் எத்தனை எம்பிபிஎஸ் வேணும்?" என்று நேற்று கேட்டார். எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை மெகாபிட் போகும் என்ற லைன் ஸ்பீடு. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது அதுவல்ல என்று புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

கணக்கு எளிது. குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 கோடெக்கில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட். அது 50 பாக்கெட்டாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், எங்கே போக வேண்டும் என்பது போன்ற விவரம் இருக்கும் ஹெடர் 40 பைட், ஈதர்நெட்டுக்கு இன்னும் 18. ஆக ஒரு அழைப்புக்கு ஏறக்குறைய 87 கிலோபிட், போகிற பக்கமும் வருகிற பக்கமும் தனித்தனியாக. ஜி.729-ல் குரல் வெறும் 8 கிலோபிட் என்பார்கள், ஆனால் 20 பைட் குரலுக்கும் அதே ஹெடர்தான் ஏறுகிறது என்பதால் லைனில் 31 ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து பேருக்கு அரை எம்பிபிஎஸ் தாண்டாது. என் லைனில் அப்லோடு (நாம் அனுப்பும் பக்கம்) 10 எம்பிபிஎஸ். அப்புறம் என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மாலை வாடிக்கையாளர் ஒருவர் அக்கவுண்ட் நம்பர் சொல்கிறார். "நாலு, ஏழு..." சத்தமே இல்லை, பிறகு "...ரெண்டு". மூன்று தடவை திரும்பச் சொன்னார், மூன்று தடவையும் நடுவில் ஏதோ ஓர் எண் விழுங்கப்பட்டது. நான்காவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஃபோனைத் திட்டினேன், பெரிய பிளானுக்கு மாறினேன். டவுன்லோடுதான் ஏறியது, அப்லோடு அதே 10. காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், எவ்வளவு என்று ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சாதாரண நேரத்தில் 14 மில்லிசெகண்டு, மாலையில் ஃபைல்களின் பேக்கப் (நகல்) இன்டர்நெட்டில் ஏறத் தொடங்கியதும் 600. பேக்கப் அனுப்பும் பாக்கெட்டை எல்லாம் ரூட்டர் வரிசையில் குவித்து வைத்துக்கொள்கிறது, குரல் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. ஒரு பக்கப் பயணம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். ரொம்பத் தாமதமாக வந்த பாக்கெட்டை ஃபோன் தூக்கிப் போட்டுவிடும். அந்த வாடிக்கையாளரின் எண்கள் அப்படித்தான் போயின.

ரூட்டரில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதியை இயக்கி, அப்லோடை 9-க்குக் கட்டுப்படுத்தினேன். பேக்கப் ஓடினாலும் பிங் 25-ஐத் தாண்டுவதில்லை. நாலு மாதமாக ஒரு எண்கூட விடுபடவில்லை, ஓபஸ் கோடெக்கில் பேசும்போது எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது, அவ்வளவு தெளிவு.

ஃபோன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு விற்றவர் ஸ்பீடைக் கேட்டாரே ஒழிய, ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். நண்பரிடம் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவர் ஆபீசில் ஒரு பெரிய ஃபைலை மேலே ஏற்றிக்கொண்டே பிங் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கப் போகிறோம்.