பூட்டிவிட்டுப் போகும் வீட்டின் கதவுகளுக்குப் பெயின்ட்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மில் பலர், உறவினர் வந்துபோகும் ஆரவாரம் அடங்கட்டும் என்று, வீட்டுக் கதவுகளுக்கும் நிலைகளுக்கும் பெயின்ட் அடிக்கும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். இம்முறை நான் வந்திறங்கிய கையோடு ஆளை வரவழைத்தேன். தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும் பூச்சு, உள்ளே முழுவதுமாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு விமானம் ஏறினால், கதவின் விளிம்பும் நிலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை திறக்கும்போது பெயின்ட் பட்டை பட்டையாகப் பிய்ந்து வரும்.

முதலில் வந்து பார்த்தவர், பழைய பூச்சின் மேலேயே இரண்டு கோட் அடித்தால் போதும், தேய்க்கவே வேண்டாம் என்றார். பளபளக்கும் பழைய எனாமலின் மேல் புதிய பூச்சுக்குப் பிடிமானம் ஏது? நகம் பட்டாலே உரியும். அவரிடம் நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்த பெயின்டர் கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கதவின் கீழ்மூலையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். நீரில் கரையும் வகையாக இருந்தால் இளகிப் பஞ்சில் நிறம் ஏறியிருக்கும். பஞ்சு வெள்ளையாகவே இருந்ததால் அது எண்ணெய் வகை எனாமல் என்று தெரிந்தது. "அடிக்கிறதுக்கு ஒரு நாள் போதும் சார், தேய்க்கிறதுக்குத்தான் கூட நாள் கொடுக்கணும்" என்றார். அப்போதே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் வற்புறுத்த வேண்டியிருந்தது. பழைய வீடுகளின் எனாமலில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதாலும், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்ததாலும், தூசி பறக்காதபடி தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னேன். வேலை மெதுவாகும் என்று முணுமுணுத்தாலும் அவர் அப்படியே செய்தார். நன்றாக உலர்ந்த பின் பட்டி பார்த்து, 180ஆம் எண் தாளால் மீண்டும் தேய்த்து, பழைய பூச்சைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் அடித்தார். கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி, யாரும் கவனிக்காத மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் சேர்த்துப் பூசினார். அந்த இடங்களை வெறுமனே விட்டால் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உட்பலகைகளை முதலிலும், குறுக்குச் சட்டங்களை அடுத்தும், நெடுஞ்சட்டங்களைக் கடைசியிலும் அடித்ததால் பிரஷ் தடம் மரத்தின் ரேகையோடு ஒத்துப்போயிற்று.

எண்ணெய் வகை வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும் என்பதால், மாதக்கணக்கில் இருண்டு கிடக்கும் எங்கள் வீட்டுக்கு நீர்வகை எனாமலையே தேர்ந்தெடுத்தோம். நாற்றமும் குறைவு. ஆனால் சாத்திய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை இதில் இன்னும் அதிகம். ஆகவே புறப்படுவதற்கு முன், கதவும் நிலையும் உரசும் விளிம்புகளில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, உள்ளறைக் கதவுகள் சாத்திக்கொள்ளாதபடி மரக்கட்டை முட்டுக் கொடுத்து, வாசற்கதவை மட்டும் பூட்டச் சொன்னார் பெயின்டர்.